நிரப்பு இழை கேள்வி: ஒரே முறையில் போட்டால் ஒன்று சரி, இரண்டு தப்பு. ஏன்?

கேள்விக்குறி:
தேர்வுக்காகப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறேன். டிஎன்ஏ-வின் ஒரு இழையை (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்களின் வரிசை) கொடுத்து, "இதன் நிரப்பு இழையை 5′→3′ திசையில் எழுதுக" என்று கேட்கும் வகை. மூன்று கேள்விகளிலும் ஒரே மாதிரிதான் செய்தேன்: ஏ-வுக்கு டி, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி.

முதல் கேள்வி 5′ ஜி-ஏ-டி-டி-ஏ-ஜி 3′. நான் எழுதியது சி-டி-ஏ-ஏ-டி-சி. விடைக்குறிப்பிலும் அதுவே.

இரண்டாவது 5′ ஏ-டி-ஜி-ஜி-சி-டி-டி-ஏ-சி 3′. நான் எழுதியது டி-ஏ-சி-சி-ஜி-ஏ-ஏ-டி-ஜி. விடைக்குறிப்பில் ஜி-டி-ஏ-ஏ-ஜி-சி-சி-ஏ-டி.

மூன்றாவதுதான் வேடிக்கை. கேள்வி 5′ ஜி-ஏ-ஏ-டி-டி-சி 3′. விடையாகவும் அதே ஜி-ஏ-ஏ-டி-டி-சி போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா? முறை தப்பென்றால் முதல் கேள்வி மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

அவசரக்காரன்:
மூன்றாவது அச்சுப்பிழைதான். ஓர் இழையின் ஜோடி அந்த இழையாகவே எப்படி இருக்கும்? விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

நொதிப்பித்தன்:
அச்சுப்பிழை இல்லை. மூன்று விடைகளும் சரி. நண்பர் முதல் கேள்வியில் தப்பான வழியில் போய்ச் சரியான விடையைப் பிடித்துவிட்டார், அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

ஜோடி சேர்த்ததில் பிழை இல்லை. திசையில்தான் பிழை. டிஎன்ஏ-வின் சர்க்கரையில் ஐந்து கார்பன்கள். ஐந்தாவது கார்பனில் பாஸ்பேட் தொங்கும் முனை 5′, மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சில் இருக்கும் முனை 3′. இரண்டு இழைகளும் எதிர் இணையாக ஓடுகின்றன: ஒன்றின் 5′ முனைக்கு நேர் எதிரே மற்றதன் 3′ முனை இருக்கும். ஆகவே இரண்டாவது கேள்வியில் நீங்கள் எழுத்துக்கு நேர் கீழே எழுத்து எழுதியபோது உண்மையில் கிடைத்தது இது:

5′ ஏ-டி-ஜி-ஜி-சி-டி-டி-ஏ-சி 3′
3′ டி-ஏ-சி-சி-ஜி-ஏ-ஏ-டி-ஜி 5′

கீழ் வரிசை தப்பே இல்லை. இடப்பக்கம் 3′ என்று குறித்திருந்தால் அதுவும் சரியான நிரப்பு இழைதான். ஆனால் கேள்வி 5′ முனையிலிருந்து எழுதச் சொல்கிறது. எனவே கீழ் வரிசையை வலமிருந்து இடமாகப் படியுங்கள்: ஜி-டி-ஏ-ஏ-ஜி-சி-சி-ஏ-டி. விடைக்குறிப்பில் உள்ளது அதுதான்.

இப்போது முதல் கேள்வி. ஜி-ஏ-டி-டி-ஏ-ஜி என்பதைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். "விகடகவி" மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் அதன் ஜோடியைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒரே விடை. உங்கள் முறை அங்கே தப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மூன்றாவதை நீங்களே திருப்பிப் பாருங்கள். நேர் ஜோடி சி-டி-டி-ஏ-ஏ-ஜி, பின்னாலிருந்து?

கேள்விக்குறி:
ஜி-ஏ-ஏ-டி-டி-சி! அட, கேள்வியே திரும்பி வந்துவிட்டது. அப்படியானால் இதையும் விகடகவி வகை என்று சொல்லலாமா?

நொதிப்பித்தன்:
உயிரியலில் பேலிண்ட்ரோம் என்று சொல்வது இதைத்தான், முதல் கேள்வியில் வந்ததை அல்ல. சொல்லில் விகடகவி என்றால் ஒரே வரியை முன்னும் பின்னும் படிப்பது. டிஎன்ஏ-வில் ஒரு இழையை 5′→3′ படித்தாலும் எதிர் இழையை 5′→3′ படித்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜி-ஏ-ஏ-டி-டி-சி சும்மா எடுத்த வரிசையும் இல்லை. ஈகோ ஆர் ஒன் என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்டும் இடம் அது. இரண்டு இழைகளிலும் ஜி-க்கும் ஏ-வுக்கும் நடுவே வெட்டும். இரண்டு இழைகளும் ஒரே மாதிரி படிக்கப்படுவதால்தான் அந்த ஒரே நொதி இரண்டையும் வெட்ட முடிகிறது. வினாத்தாள் போடுபவர்களுக்கு இந்த வரிசை மேல் ஒரு தனிப் பாசம்.

அவசரக்காரன்:
சரி, என் பதிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பரிகாரமாக ஒரு யோசனை: விடை எழுதியதும் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். கேள்வியில் டி மூன்று என்றால் விடையில் ஏ மூன்று இருக்க வேண்டும். பொருந்தினால் சரி.

ஓரத்துக்குறிப்பு:
எண்ணிப் பார்ப்பது எழுத்து விடுபட்டதைத்தான் காட்டும். திருப்ப மறந்ததைக் காட்டாது, ஏனென்றால் திருப்பினாலும் எண்ணிக்கை மாறாது. சிலர் விடைக்கு மறுபடி ஜோடி போட்டுக் கேள்வி திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் ஏமாற்றும்: இரண்டு முறையும் திருப்ப மறந்தால் கேள்வி அழகாக வந்து நிற்கும்.

நான் திருப்புவதைத் தனி வேலையாக வைத்துக்கொள்வதே இல்லை. கேள்வியின் கடைசி எழுத்தில் தொடங்கி இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே, ஜோடியை இடமிருந்து வலமாக எழுதுவேன். ஏ-டி-ஜி-ஜி-சி-டி-டி-ஏ-சி என்றால் கடைசி சி, எனவே முதலில் ஜி. அடுத்தது ஏ, எனவே டி. இப்படியே போனால் ஒரே வரியில் முடிந்துவிடும். வரிசை நீளமாக இருந்தால் முடித்த எழுத்தைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போங்கள். ஒரே எழுத்து இரண்டு தடவை வரும் இடத்தில்தான் கண் தாவும்.

கேள்விக்குறி:
இது பிடித்திருக்கிறது. இன்னொன்று. "வார்ப்புரு இழை 5′ ஜி-டி-ஏ-ஏ-ஜி-சி-சி-ஏ-டி 3′ எனில் எம்ஆர்என்ஏ எது?" (வார்ப்புருவைப் பார்த்துப் படியெடுக்கப்படும் ஆர்என்ஏ, அதில் டி-க்குப் பதில் யூ.) டி-யை யூ ஆக்கி ஜி-யூ-ஏ-ஏ-ஜி-சி-சி-ஏ-யூ என்று எழுதினேன். தப்பு என்கிறது விடைக்குறிப்பு.

ஓரத்துக்குறிப்பு:
டி-யை யூ ஆக்கினால் மட்டும் போதும் என்பது குறியீட்டு இழை (வார்ப்புருவின் எதிர் இழை) கொடுத்திருந்தால். எம்ஆர்என்ஏ-வின் வரிசை அதை ஒத்திருக்கும். இங்கே கொடுத்திருப்பது வார்ப்புரு. அதன் மேல் ஜோடி சேர்ந்துதான் எம்ஆர்என்ஏ உருவாகிறது, அதுவும் எதிர்த்திசையில். பின்னாலிருந்து ஜோடி போடுங்கள், ஏ வரும்போது மட்டும் டி-க்குப் பதில் யூ எழுதுங்கள்.

கேள்விக்குறி:
ஏ-யூ-ஜி-ஜி-சி-யூ-யூ-ஏ-சி. விடைக்குறிப்பிலும் இதுதான். ஏ-யூ-ஜி என்று தொடங்குகிறது, புரதம் தொடங்கும் இடத்தைக் காட்டும் மூன்றெழுத்து, தொடக்கக் குறியன்!

நொதிப்பித்தன்:
ஆமாம், மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் வரும் அமினோ அமிலங்கள் மெத்தியோனின், அப்புறம் அலனின், டைரோசின். ஆனால் எல்லாக் கேள்வியும் ஏ-யூ-ஜி-யில் தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரபணுவின் நடுவிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துக் கொடுப்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால், எழுத்துகளுக்கு முன் முனைக்குறிகளைப் பாருங்கள். ஒரே வரிசையை 5′, 3′ இடம் மாற்றி இரண்டு விடைகளாகப் போடுவது பழைய தந்திரம்.

கேள்விக்குறி:
மீதியிருந்த பன்னிரண்டையும் கடைசி எழுத்திலிருந்து போட்டேன். பதினொன்று சரி. ஒன்றில் கேள்வியே 3′ முனையிலிருந்து கொடுத்திருந்தார்கள், நான் கவனிக்காமல் திருப்பிவிட்டேன்.