பாத்திரத்தின் மனசைத் திறந்து காட்டுவதா, மூடி வைப்பதா?

காவிரிக்கரை:
புதிதாக நாவல் எழுதும் நண்பர்கள் இங்கே பகிரும் அத்தியாயங்களைத் தொடர்ந்து படிக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஒரே பழக்கம். பாத்திரம் வாசலைத் தாண்டுவதற்குள் அது என்ன நினைக்கிறது, ஏன் அழுகிறது, சின்ன வயதில் என்ன நடந்தது என்று ஆசிரியரே ஒப்பித்துவிடுகிறார். அப்புறம் வாசகனுக்கு என்ன வேலை?

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தம்மாளை நாம் நேரில் பார்ப்பதற்கு முன்பே, அவளுக்கு வேறொருவனோடு உறவு இருப்பதை இளம் விதவையான இந்து அவள் மகன் அப்புவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மாவைத் தெய்வமாக நினைப்பவனிடம், கோபத்தில் சொல்லும் வார்த்தை அது. வேத பாடசாலையை விட்டு அவன் வீடு திரும்பும்போது, அவனோடு சேர்ந்து நாமும் அவள் முகத்தைத் துருவிப் பார்க்கிறோம். அந்த உறவுக்காரன் சிவசு வந்து போகிறான். அவள் கணவர் தண்டபாணி எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருக்கிறார். அவளுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஆசிரியர் விளக்குவதில்லை. கடைசியில்தான் அவளே வாய் திறக்கிறாள். பிள்ளை ரிஷியாகிவிட்டால் அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். சில வார்த்தைகளில் அதைச் சொல்லிவிட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவளைப் பற்றி நாம் சண்டை போடுவதற்கு ஜானகிராமன் காத்த அந்த மௌனம்தான் காரணம்.

தென்மலை வாசகி:
அலங்காரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி சார். அதையே எல்லோருக்கும் விதியாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஜெயகாந்தனைப் பாருங்கள். 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், காரில் வரும் ஒருவன், வீடு திரும்பியவளின் தலையில் தண்ணீரைக் கொட்டி 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்று விஷயத்தை அங்கேயே புதைத்துவிடும் அம்மா. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூடக் கிடையாது. உண்மையில் அது அம்மாவின் கதை. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதும்போது அதே இரவை எடுத்துக்கொண்டு அம்மாவின் செயலை மட்டும் மாற்றுகிறார். இந்த அம்மா கூச்சல் போட்டு எல்லோருக்கும் தெரியவைத்துவிடுகிறாள். உடனே பெயரில்லாத பெண் கங்காவாகிறாள், 'நான்' என்று பேச ஆரம்பிக்கிறாள்.

நீங்கள் குறை சொல்லும் வழிதான் இது, மனசை முழுக்கத் திறந்துகாட்டுவது. ஆனால் கங்கா சொல்வதையெல்லாம் நாம் அப்படியே நம்புகிறோமா? தன் மாமா வெங்குவின் குத்தல் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் அன்று காரில் வந்த பிரபுவைத் தேடுவதாக நினைக்கிறாள். போகப்போக அவள் அவனுக்காகக் காத்திருக்கிற விதத்தில் வேறொன்று தெரிகிறது. அவள் வாயால் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தன்னையே சரியாகப் பார்க்க முடியாத ஒருத்தியைப் படைக்க, அவளையே பேசவிடுவதைவிட நல்ல வழி எது?

சோழநாட்டான்:
ஆழமான பாத்திரங்கள் மட்டும்தான் இருக்கின்றன என்பது போல இரண்டு பேரும் பேசுகிறீர்கள். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-லேயே தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்று பிரித்தார். ஒரே ஒரு குணத்தை வைத்துச் செய்தது தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்கவைக்க முடிந்தால் அது முழுமையான பாத்திரம். ஆனால் அவரும் தட்டையை ஒதுக்கவில்லை. டிக்கன்ஸின் பாத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே தட்டை, இருந்தும் உயிரோடு இருக்கின்றன என்று வியந்தார்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் வாராவாரம் வந்த தொடர். ஏழு நாள் கழித்துத் திரும்பி வரும் வாசகர் ஆளை உடனே அடையாளம் காண வேண்டும். அதனால்தான் ஆழ்வார்க்கடியானுக்கு முன்குடுமியும் கைத்தடியும் சைவர்களோடு ஓயாத வாக்குவாதமும். பெரிய பழுவேட்டரையருக்கு 64 விழுப்புண்கள். வீர வைஷ்ணவன் என்று நாம் சிரித்துக்கொண்டிருந்த ஆழ்வார்க்கடியான், சோழ முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்று தெரியவரும்போது, தட்டையாகத் தெரிந்ததே அவனுடைய வேஷம்தான் என்று புரிகிறது. மனசைத் திறக்கவும் இல்லை, மௌனமும் இல்லை. வெளி அடையாளங்களை வைத்தே கல்கி இதைச் சாதித்தார்.

காவிரிக்கரை:
சோழநாட்டான், ஒற்றன் என்று தெரிந்த பிறகு ஆழ்வார்க்கடியான் மாறுகிறானா? அதே தடி, அதே வாக்குவாதம். நமக்குக் கிடைத்தது கதையின் ரகசியம் ஒன்று. அவனைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஃபார்ஸ்டர் சொன்ன வியப்பு இதுவல்ல என்பது என் கருத்து. பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியைச் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவள் பிறப்பைப் பற்றிய குழப்பம் கடைசிவரை முழுசாகத் தீர்வதில்லை.

தென்மலை வாசகி, கங்கா பேசும்போது எனக்குப் பல இடங்களில் ஜெயகாந்தனின் குரல் கேட்கிறது. அவள் எடுத்துவைக்கும் வாதங்களின் வேகம் அவருடைய மேடைப் பேச்சின் வேகம். 'நான்' என்று எழுதும்போது பெரிய ஆளுக்கே இந்த ஆபத்து இருக்கிறது.

பிராட்வே முனை:
புதுமைப்பித்தனை விட்டுவிட்டீர்களே! அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையின் முதல் பத்தியிலேயே பிள்ளையின் மனசு திறந்து கிடக்கிறது. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் இடத்தில் நின்று யோசிக்கிறார். டிராமில் போனால் மிச்சக் காசுக்கு வெற்றிலை பாக்கு. பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி, ஆனால் வெற்றிலை கிடையாது. அவ்வளவுதான். அவர் ஏழை என்றோ சாமர்த்தியசாலி என்றோ பயந்தவர் என்றோ ஆசிரியர் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் காலணாக் கணக்கிலேயே எல்லாம் இருக்கிறது. கடவுளே எதிரில் வந்தபோதும் தன் வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஜீவிய சந்தா (ஆயுள் சந்தா) கேட்கிற மனுஷன், அந்த முதல் பத்தியில் நின்றவர்தான்.

மனசைத் திறப்பதில் தப்பே இல்லை. உள்ளே போய் எதை எடுத்து வருகிறோம் என்பதுதான் கேள்வி. இங்கே வரும் அத்தியாயங்களில் உள்ளே இருப்பது சோகம், தனிமை, ஏக்கம் என்ற பொதுச் சொற்கள். அந்த ஆளுக்கு மட்டுமே வரக்கூடிய கணக்கு ஒன்றும் இல்லை.

தென்மலை வாசகி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், பிராட்வே அண்ணா. காவிரிக்கரை சார், உங்கள் உதாரணத்துக்கே திரும்பி வருகிறேன். ஜானகிராமன் அந்த நாவலில் எல்லோரையுமா மூடி வைத்தார்? அப்புவின் தவிப்பு முழுக்கத் திறந்திருக்கிறது. தண்டபாணியின் நினைவுக்குள்ளும் போகிறார். சுற்றியிருப்பவர்கள் திறந்திருப்பதால்தான் அலங்காரத்தின் மௌனம் நம் காதில் விழுகிறது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகியிருப்பாள்.

காவிரிக்கரை:
தண்டபாணியின் நினைவுக்குள் போய் என்ன கண்டோம் அம்மா? அங்கேயும் அலங்காரம்தான் நிற்கிறாள். அவள் அழகும் நிமிர்வும் தெரிகின்றன, அதன் முன்னால் அவர் ஒடுங்கிப்போவது தெரிகிறது. அவள் ஏன் அப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. கூடவே வாழ்ந்த கணவனுக்கே பிடிபடாத ஒருத்தியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று ஜானகிராமன் பேசவில்லை. நம் நண்பர்களுக்கு மட்டும் தங்கள் கதாநாயகியைப் பற்றி முதல் பக்கத்திலேயே எல்லாம் எப்படித் தெரிந்துவிடுகிறது?