புதுப்பிப்பு: ஏற்காட்டில் பார்த்த தீக்கோளம், ஒரு திருத்தத்துடன்

சென்ற வாரம் அந்தி மயங்கிய வேளையில், ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையின் கைப்பிடிச் சுவரருகே நின்றபோது மேற்கு வானில் பச்சையொளி வீசும் தீக்கோளம் (மிகப் பிரகாசமான எரிகல்) ஒன்று பாய்ந்ததையும், அது மேட்டூர் அணைக்குப் பின்னால் விழுந்திருக்கும் என்ற என் ஊகத்தையும் இங்கே எழுதியிருந்தேன். அந்த ஊகம் தவறு.

மறுநாள் அதே இடத்துக்குப் போய், கையை நீட்டி முஷ்டியால் அளந்து பார்த்தேன். நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை; ஒளி அணைந்த இடம் அடிவானிலிருந்து இரண்டு முஷ்டி உயரம். எரிகற்கள் பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்வதால், அணைந்த உயரத்தை 80 என்று கொண்டாலே, அதற்கு நேர் கீழே உள்ள நிலம் இங்கிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், அதாவது மேட்டூரையெல்லாம் தாண்டி வயநாட்டுப் பக்கம் இருந்தாக வேண்டும். பக்கத்தில் விழுந்ததுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கம்தான். சோளப்பொரி விற்றுக்கொண்டிருந்த அக்காவும் "அந்தக் கரட்டுக்குப் பின்னாலதாங்க விழுந்துச்சு" என்று சத்தியமே செய்தார்.

இடிபோல் ஓசை கேட்டதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அத்தனை தொலைவிலிருந்து ஒலி வந்து சேர 11 நிமிடங்களுக்கு மேலாகும். நானோ ஐந்தாவது நிமிடமே பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

செயற்கைக்கோள் சிதைவாக இருக்கலாம் என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. அவை மெதுவாக, துண்டு துண்டாக, அரை நிமிடத்துக்கு மேலும் எரிந்து செல்லும். இதுவோ நான்கு விநாடிகளில் முடிந்துவிட்டது.