வெனிஸ் வீட்டு முகவரியில் தெருப் பெயரே இல்லை – வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், உதவி தேவை

தாமிரபரணி_88 | செவ்வாய் இரவு 10.40
வணக்கம். அவசரம். வெள்ளிக்கிழமை வெனிஸ் போகிறோம். எடுத்திருக்கும் வீட்டின் முகவரியில் ஒரு நாலு இலக்க எண்ணும் வெனிஸ் என்ற பெயரும்தான் இருக்கின்றன. எண் 3600-க்குக் கொஞ்சம் மேலே. மேப்பில் போட்டால் ஒரு தடவை ஒரு இடம் காட்டுகிறது, அடுத்த தடவை வேறு இடம். இரண்டுக்கும் நடுவில் பெரிய கால்வாய். வீட்டுக்காரர் இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. எந்தப் படகுத்துறையில் இறங்க வேண்டும்? படகுக்குப் பாஸ் எடுக்கலாமா?

பனிமலர் | 10.52
எத்தனை பேர்? எத்தனை நாள்? ரயிலா, விமானமா? விமானம் என்றால் மார்கோ போலோவா, த்ரெவிசோவா? இதெல்லாம் தெரியாமல் துறையைச் சொல்ல முடியாது.

வடகரை | 11.05
தெருப் பெயர் இல்லாத வீடு, பதில் போடாத வீட்டுக்காரர். எனக்கு இது ஏமாற்று விளம்பரமாகத்தான் தெரிகிறது. போன வருடம் வேறு ஊரில் இப்படி ஒருவரை நம்பி என் தங்கை முன்பணத்தை இழந்தாள். உடனே ரத்து செய்து காசைத் திரும்பக் கேளுங்கள்.

நாடோடி_1971 | 11.20
வெனிஸ் போகிறவர் முதலில் வெனிஸைப் பற்றிப் பத்து நிமிடமாவது படித்திருக்க வேண்டும். அங்கே முகவரியில் தெருப் பெயர் எழுதுவதில்லை. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் செஸ்தியேரே என்று பெயர். சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னாரேஜியோ, தோர்சோதூரோ, சான் போலோ, சான்டா குரோச்சே. ஒவ்வொரு பகுதியிலும் எண் 1-இல் தொடங்கி, சந்து சந்தாக வளைந்து ஆயிரக்கணக்கில் போகும். ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தில் வந்த முறை. அடுத்தடுத்த இரண்டு எண்கள் வேறு வேறு சந்தில் இருக்கலாம். பகுதிப் பெயர் இல்லாத எண்ணுக்கு அங்கே அர்த்தமே கிடையாது. இதை இந்த இடத்தில் பல தடவை எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. ரப்பர் பூட்ஸ் மறக்க வேண்டாம், தண்ணீர் ஏறும்.

பனிமலர் | 11.31
நாடோடி சார், எண் விஷயம் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மே மாதத்தில் பூட்ஸ் எதற்கு? கடல் நீர் ஊருக்குள் ஏறுவது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். 2019 நவம்பரில் 187 செ.மீ. ஏறியது. அதற்கடுத்த அக்டோபரிலிருந்து பெரிய ஏற்றம் வரும்போது மோசே தடுப்புகளைத் தூக்கிக் கடல்வாயை அடைத்துவிடுகிறார்கள். தாமிரபரணி, பதிவு உறுதியான மின்னஞ்சலை முழுசாகப் பாருங்கள். பகுதிப் பெயர் எங்கேயாவது இருக்கும்.

நாடோடி_1971 | 11.38
நான் நான்கு முறை போயிருக்கிறேன். பூட்ஸ் எடுத்துப் போவதில் நஷ்டம் இல்லை.

கணக்குப்பிள்ளை | புதன் காலை 6.50
அந்த எண்ணே பாதி விடை சொல்லிவிடுகிறது. சான்டா குரோச்சேயிலும் சான் போலோவிலும் எண்கள் 3600 வரை போகாது. மிச்சம் நாலு பகுதி. தோர்சோதூரோ என்றால் பெரிய கால்வாய்க்குத் தெற்கே. கன்னாரேஜியோ என்றால் வடக்கே, மதோன்னா தெல்லோர்த்தோ கோயில் பக்கம். மேப் தடுமாறுவதற்கும் இதுதான் காரணம். ஒரே எண் நாலு இடத்தில் இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் போவது 2025-இன் கட்டண நாள். காலை 8.30 முதல் மாலை 4 வரை ஊருக்குள் நுழையத் தலைக்கு 5 யூரோ. கடைசி நாட்களில் பதிவு செய்தால் 10.

சூரிச்_அக்கா | 7.15
தம்பி, பயப்படாதேங்கோ. இரவு தங்கும் ஆக்களுக்கு அந்தக் காசு இல்லை, தங்குவரி தனியாகக் கட்டுறபடியால். ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிந்து அந்தக் குறியீட்டைக் கைபேசியில் வைச்சிருக்க வேணும். பரிசோதகர் கேட்டால் காட்டலாம். வீடு எடுத்தால் அதையும் வடிவாகப் பதிஞ்சுகொள்ளுங்கோ. உங்களோடு வாறது ஆர்? வயசானவையா? அந்த ஊரில் பாலம் எல்லாம் படிதான். மாடியும் லிஃப்டும் கேட்டீங்களோ?

தாமிரபரணி_88 | 1.10
மன்னிக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மூனிக்கிலிருந்து ரயிலில் வருகிறோம். நான், மனைவி, அம்மா, அப்பா. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள், மூன்று இரவு தங்கல். அம்மாவுக்கு முட்டிவலி, நாலு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். மின்னஞ்சலில் தேடினேன். வரி ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் காஸ்தெல்லோ என்று இருக்கிறது!

வடகரை | 1.25
வரி ரசீது இருக்கிறதா? அப்படியென்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். வீடு நிஜம்தான்.

பனிமலர் | 1.40
வீடு வேண்டாம் தாமிரபரணி. அம்மாவுக்கு முட்டி இப்படி என்றால் தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் லிஃப்ட் உள்ள ஹோட்டல் எடுங்கள். தீவுக்கு ரயிலில் பத்து நிமிடம்தான். காசும் மிச்சம்.

கணக்குப்பிள்ளை | 2.05
இதை நான் ஏற்கமாட்டேன். மெஸ்த்ரேயில் தங்கினால் மதியக் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்ப வேண்டும். வெனிஸின் அழகே காலை ஆறு மணி. சான் மார்கோ சதுக்கத்தில் ஆளே இருக்காது. குப்பைத் தள்ளுவண்டி கல்லில் உருளும் சத்தம் மட்டும். என் அப்பாவை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். அந்தப் பயணத்தில் அவர் கடைசி வரை பேசியது அந்தக் காலையைப் பற்றித்தான்.

வடகரை | 2.30
ஆனால் தீவில் வாடகை வீடு எடுப்பதால்தான் ஊர்க்காரர்கள் வெளியேறுகிறார்கள் என்பதையும் நாம் பேச வேண்டும். 1951-இல் தீவில் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்தார்கள். இப்போது 50,000-க்கும் கீழே. ரியால்தோ பக்கம் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் இன்றைய மக்கள்தொகையை எண் பலகையில் காட்டுகிறார்கள். கடைக்கு வெளியே நின்று அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பனிமலர் | 2.41
அதனால்தான் சொல்கிறேன், ஹோட்டலில் தங்கட்டும், வீட்டை விடட்டும்.

கணக்குப்பிள்ளை | 2.50
ஹோட்டலில் தங்குங்கள் என்றால் சரி, தீவிலேயே உள்ள ஹோட்டலில் தங்கச் சொல்லுங்கள். மெஸ்த்ரேயில் தங்குகிறவர் தீவின் இரவுக் கடைகளுக்குக் காசு தருவதில்லையே?

நாடோடி_1971 | 3.20
கேள்வி படகுத்துறை. அதற்குப் பதில் எழுதாமல் ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

தாமிரபரணி, காஸ்தெல்லோ 3600 என்றால் பந்தியேரா எ மோரோ சதுக்கம் பக்கம். விவால்டிக்கு ஞானஸ்நானம் நடந்த கோயில் அங்கேதான். மெஸ்த்ரேயில் ரயில் நிற்கும், இறங்கிவிடாதீர்கள். கடைசி நிலையமான சான்டா லூச்சியாவில் இறங்குங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கால்வாய். ஒன்றாம் எண் வாப்போரெட்டோ (ஊர்ப் பயணிகள் படகு), பெரிய கால்வாய் முழுக்க ஊர்ந்து போகும், முக்கால் மணி நேரம் ஆகும். சான் சக்காரியாவில் எல்லாரும் இறங்குவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். அங்கிருந்து கரையோரம் நடந்தால் வரிசையாகப் படிக்கட்டுப் பாலங்கள். அடுத்த துறை அர்செனாலே. அங்கே இறங்கிக் கொஞ்சம் பின்னால் நடங்கள், பாலம் குறைவு. அம்மாவுக்கு அதுதான் நல்லது.

கணக்குப்பிள்ளை | 3.45
பாஸ்: ஒரு தடவைப் பயணம் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 72 மணி நேரப் பாஸ் 45. நடக்க முடியாத அம்மாவோடு நாளுக்கு இரண்டு தடவை ஏறினாலே கணக்கு சரியாகிவிடும். முதல் தடவை இயந்திரத்தில் தொட்ட நேரத்திலிருந்து 72 மணி ஓடும், தேதிக் கணக்கு இல்லை. ஏறும் முன் ஒவ்வொரு தடவையும் தொட மறக்காதீர்கள்.

சூரிச்_அக்கா | 4.10
கொண்டோலா அரைமணிக்குப் பகலில் 90 யூரோ. அது படகுக்கு, ஆளுக்கு இல்லை, நாலு பேரும் ஏறலாம். அம்மாவை ஏத்தேக்கை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கொள்ளுங்கோ, படகு ஆடும். தம்பி, மாடி எத்தனையாவது எண்டு கேட்டனான், சொல்லேல்லை.

பனிமலர் | வியாழன் இரவு 9.05
தாமிரபரணி, வீட்டுக்காரர் பதில் போட்டாரா?

தாமிரபரணி_88 | சனி இரவு 10.20
அர்செனாலே துறையில் இறங்கினோம். ஒரே பாலம்தான் ஏற வேண்டியிருந்தது. அப்பா பெட்டியைத் தூக்க, நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். சந்து முனைச் சுவரில் வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து, வாசலுக்கு மேலே எண். அம்மாதான் முதலில் பார்த்தார். எல்லாருக்கும் நன்றி, நாடோடி சாருக்குத் தனியாக. நாளை ஆறு மணிக்கு சான் மார்கோ.

சூரிச்_அக்கா | 10.34
சந்தோசம் தம்பி. மாடி?