அராய் மைலேஜ் 22, கைக்கு வருவது 13: கணக்கு எங்கே உதைக்கிறது?

தாம்பரத்தான்:
பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கார்களைச் சோதித்துச் சான்று தரும் அராய் (ARAI) அமைப்பின் மைலேஜ் லிட்டருக்கு 22 கி.மீ. என்று சொல்லி விற்றார்கள். தினமும் தாம்பரம் – கிண்டி போய் வருகிறேன். ஒவ்வொரு முறையும் அதே பங்கில் டேங்க் ஃபுல் செய்து, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுக்கிறேன். 13ஐத் தாண்டியதே இல்லை. காரின் டிஸ்பிளே மட்டும் 14.5 காட்டுகிறது. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அந்த எண்ணை விளம்பரத்தில் போடுவது ஏமாற்றுதானே?

கொங்கு மெக்கானிக்:
ஏமாற்று என்று சொல்லாதீர்கள் நண்பரே. அராய் சோதனையில் கார் சாலைக்கே வருவதில்லை. உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். உச்ச வேகமே 90 கி.மீ.தான். ஏசி போடுவதில்லை. எரிந்த பெட்ரோலைக்கூட புகையில் வரும் கார்பனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். இந்த மைலேஜ் உங்களுக்குக் கிடைக்கும் என்று யாரும் அங்கே உறுதி கொடுக்கவில்லை. எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பல்லாவரம் நெரிசலில் ஏசியோடு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பெட்ரோல் எரிகிறது, வண்டி நகர்வதில்லை. அப்புறம் டயரில் காற்று எப்போது பார்த்தீர்கள்? என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்குக் காற்று குறைவாகத்தான் இருக்கிறது.

நான்குவழிச்சாலை:
திருச்சி – மதுரை சாலையில் 80ஐத் தாண்டாமல் போனால் எனக்கு 20 கிடைக்கிறது. அதே கார் மதுரை ஊருக்குள் 14. இதில் எது ‘உண்மையான’ மைலேஜ் என்று நான் சொல்வது?

தாம்பரத்தான்:
மெக்கானிக் அண்ணா, ஒரே தராசு என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். எல்லாக் காருக்கும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அப்படிக் குறைவதில்லையே! ஐரோப்பாவில் 2021 முதல் புதுக் கார்கள் தங்கள் உண்மையான எரிபொருள் செலவைத் தாங்களே பதிவு செய்கின்றன. அந்தத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் ஆய்வக எண்ணைவிடச் சுமார் 20% கூடுதல் செலவு. பெட்ரோலிலும் சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட்களில் மூன்றரை மடங்கு! பலர் சார்ஜே போடாமல் பெட்ரோலில் ஓட்டியதும் அதற்கு ஒரு காரணம். அந்த ஆய்வக எண்ணை நம்பி ஹைபிரிட் வாங்கியவர் கதி என்ன? அதுவும், பழைய சோதனையைக் கைவிட்டு 2017இல் கடுமையான புதுச் சோதனைக்கு மாறிய பிறகும் இந்த நிலை.

கொங்கு மெக்கானிக்:
மூன்றரை மடங்கு என்பது எனக்குப் புதுச் செய்தி. ஒப்பீட்டுக்கும் முழுக்க நம்ப முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்து ஏசி, வேகமான ஓட்டம், குளிர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். புதுக் காரில் ஒட்டும் மைலேஜ் ஸ்டிக்கரில் எண் இறங்கியது. இங்கேயும் ஏசியோடு சோதிக்க வேண்டும். சென்னை வெயிலில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? நகரத்துக்கு ஒரு எண், நெடுஞ்சாலைக்கு ஒரு எண் என்று தனித்தனியாகப் போட்டாலே பாதிச் சண்டை தீரும்.

நான்குவழிச்சாலை:
எத்தனால் 20% கலந்த பெட்ரோலை யாருமே சொல்லவில்லையே?

கொங்கு மெக்கானிக்:
சொல்ல வேண்டியதுதான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய கார்களில் மைலேஜ் 6–7% குறையலாம் என்றது. அதற்கேற்ப வடிவமைத்த கார்களில் 1–2% தான். தம்பியின் கார் புதியது, ஆகவே 22 எப்படி 13 ஆனது என்பதற்கு அது பதில் ஆகாது. போக்குவரத்தும் ஏசியும்தான் காரணம். ஏமாற்று என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுங்கள் தம்பி.

தாம்பரத்தான்:
நாளைக்கே காற்றைப் பார்க்கிறேன் அண்ணா. ஆனால் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன். மாதம் 1000 கி.மீ. ஓட்டுகிறேன். 45 லிட்டர் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கினேன். 77 லிட்டர் ஆகிறது. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். வாங்கும்போது யாராவது 13 என்று சொல்லியிருந்தால் நான் மின்சார ரயில் சீசன் டிக்கெட்டோடு இருந்திருப்பேன்.