எஞ்சின் மாற்றியாச்சு, பழைய கன்ட்ரோல் கேபிள் சேரவில்லை. எதை வாங்குவது?

பூவார்_படகு:
பூவாரில் நெய்யாற்று முகத்துப் பக்கம் ஓடும் சவாரிப் படகு, 19 அடி பைபர். பழைய எஞ்சின் ஜான்சன் 40. அதை இறக்கிவிட்டு யமஹா 40 டூ ஸ்ட்ரோக், ரிமோட் மாடல், செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கு. எஞ்சின் மட்டும்தான் வந்தது, கியரும் வேகமும் கூட்டும் லீவர் இருக்கிற கன்ட்ரோல் பாக்ஸ் இல்லை. பழைய பாக்ஸும் கியர், ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டும் நல்லாவே இருக்கு. ஆனா கேபிள் முனை புது எஞ்சினில் உட்கார மாட்டேங்குது. முனையை வெட்டி வேறு முனை வெல்டு வைத்துத் தர்றேன்னு ஒரு பட்டறையில் சொல்றாங்க. செய்யலாமா? கேபிள் உறையில் சிசி 20514-ன்னு அச்சடிச்சிருக்கு.

நீரோடி_மெக்கானிக்:
வெல்டு வேண்டவே வேண்டாம் தம்பி. உறைக்குள்ளே பிளாஸ்டிக் குழாய் ஓடுது, சூட்டில் உருகி உள்கம்பியைப் பிடிச்சுக்கும். வெல்டு வைத்த இடத்தில் கம்பி நொறுங்கும். படகுத் துறையை ஒட்டி வரும்போது கியர் கேபிள் விட்டுப்போனால் நியூட்ரலுக்கே வராது.

உங்க கேபிளில் சிசி 205 என்பது வகை, கடைசி 14 என்பது அடி. 1979-க்குப் பிந்தைய ஜான்சன், இவின்ரூட் எஞ்சின்களுக்கான வகை இது. யமஹாவுக்கு வேண்டியது 33 சி வகை; சிசி 172-ன்னு தொடங்குவது அதுதான். சுசுகி, ஹோண்டா, தோஹாட்சுவிலும் பெரும்பாலும் இதே வகைதான். மெர்குரிக்குத் தனி.

இரண்டும் வேலை செய்யும் முறையே வேறு. ஜான்சன் வகையில் உள்கம்பி முனையில் கண் இருக்கும், உறை மேல் ஒரு உருளை நட்டு இருக்கும். அந்த நட்டைத் திருகித்தான் அளவு சரிபண்ணணும். 33 சி-யில் உறை முனையில் ஒரு பள்ளம். அது எஞ்சினில் கிளிப்புக்குள் அசையாமல் உட்காரும். உள்கம்பி முனையில் 10-32 மரை இருக்கும், அதில் ஜாயின்ட்டைத் திருகி அளவு சரிபண்ணணும். அதனால் முனையை மட்டும் மாற்றினாலும் பிடிமானம் கிடைக்காது.

விழிஞ்ஞம்_ஸ்பேர்ஸ்:
பாக்ஸையும் விட்டுடுங்க. ஜான்சன் பாக்ஸில் 33 சி நேராக மாட்டாது. இவின்ரூட் தயாரிப்பே 2020-ல் நின்னுபோச்சு, இந்தப் பாக்ஸுக்கு உதிரி தேடி அலையறதில் லாபமில்லை. யமஹா 703 பாக்ஸ், அதற்கான ஹார்னஸ் (பாக்ஸையும் எஞ்சினையும் இணைக்கும் ஒயர் கட்டு), இரண்டு 33 சி கேபிள், இந்த மூன்றும் ஒரே செட்டாக எடுங்க. ஹார்னஸ் பிளக்கில் பழையது 7 பின், பிந்தையது 10 பின். எஞ்சின் பக்கத்துப் பிளக்கை போட்டோ எடுத்துக் காட்டி வாங்குங்க.

பணம் இடிக்குதுன்னா எல்லா எஞ்சினுக்கும் பொதுவான பாக்ஸும் கிடைக்கும், 33 சி எடுக்கும். அதில் லீவர் முன்னால் போகும்போது கம்பி வெளியே தள்ளுதா உள்ளே இழுக்குதான்னு பாருங்க. எஞ்சின் லீவர் எந்தப் பக்கம் போனால் முன் கியர், எந்தப் பக்கம் போனால் வேகம் கூடுதுன்னு கையால் தள்ளிப் பார்த்து ஒப்பிடணும். மாறியிருந்தால் பாக்ஸுக்குள் கேபிளை அடுத்த துளையில் மாட்டணும். கியர் தலைகீழானால் உடனே தெரிஞ்சுடும். ஆக்சிலேட்டர் தலைகீழானால் லீவரைப் பின்னுக்கு எடுக்க எடுக்க எஞ்சின் சீறும், அதுதான் ஆபத்து.

பூவார்_படகு:
சரி அண்ணே, செட்டாவே எடுக்கிறேன். நீளம் அதே 14 அடி போதுமா? பாக்ஸிலிருந்து ஓரமாக அமரம் (படகின் பின்பக்கம்) வரைக்கும் 9 அடி 3 அங்குலம், அமரத்து மூலையிலிருந்து எஞ்சின் நடு வரைக்கும் 2 அடி 6 அங்குலம்.

நீரோடி_மெக்கானிக்:
கூட்டினால் 11 அடி 9 அங்குலம். எஞ்சின் முன்னால் ஒரு வளையம் விட 4 அடி சேருங்க: 15 அடி 9. முழு அடிக்கு மேல்நோக்கி ஏற்றினால் 16. பழைய கேபிள் இழுத்துக் கட்டியிருந்திருக்கும் போல. பூவாரில் மணல் திட்டுக்காக எஞ்சினை அடிக்கடி தூக்குவீங்க, அப்போ கேபிள் விறைத்தால் கிளிப் தெறிக்கும், இல்லேன்னா கியர் தானாக நகரும். ரொம்ப நீளமும் வேண்டாம், சுருட்டி வைத்தால் லீவர் கனக்கும். எந்த வளைவும் 8 அங்குல ஆரத்துக்குக் கீழே போகக் கூடாது.

மாட்டும்போது சாவியை எடுத்துட்டு, நிறுத்தும் கயிற்றையும் கழற்றிடுங்க. பாக்ஸ் நியூட்ரலில், எஞ்சின் கியர் லீவரும் நியூட்ரல் குறியில் இருக்கட்டும். ஜாயின்ட்டைத் திருகி, துளை பின்னில் சிரமமில்லாமல் விழும்படி வைங்க. கம்பியை இழுத்துப் பிடித்து மாட்டினால் அளவு தப்பு. மரை ஜாயின்ட்டுக்குள் குறைந்தது 8 மிமீ போயிருக்கணும், யமஹா கையேட்டில் சொல்ற அளவு அது. அதற்குக் குறைந்தால் ஒருநாள் கழன்றுவரும். அப்புறம் லாக் நட், கிளிப். ஆக்சிலேட்டரும் அப்படித்தான்: எஞ்சின் லீவர் மூடிய நிலை ஸ்டாப்பரைத் தொட்டபடி மாட்டணும், பாக்ஸை முழுசாகத் தள்ளும்போது திறந்த நிலை ஸ்டாப்பரையும் தொடணும்.

எஞ்சின் ஓடாதபோது கியர் போடணும்னா யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றணும். முன்னும் பின்னும் முழுசாக விழுதா பாருங்க. அரைகுறையாக விழுந்தால் கிளட்ச் பல் முனை தேயும், பாரம் ஏறும்போது கடகடன்னு கியர் தெறிக்கும். கியர் பாக்ஸையே திறக்க வேண்டிவரும், கேபிள் விலையெல்லாம் அதுக்கு முன்னால் ஒண்ணுமில்லை.

விழிஞ்ஞம்_ஸ்பேர்ஸ்:
ஒயரிங் பற்றி ஒண்ணு. பழைய ஜான்சன் சாவி ஸ்விட்சை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பீங்க, நிறம் பார்த்து இணைக்காதீங்க. நிறுத்தும் ஒயர் யமஹாவில் வெள்ளை, ஜான்சனில் கறுப்பில் மஞ்சள் கோடு. ஸ்டார்ட் ஒயர் யமஹாவில் பிரவுன், ஜான்சனில் மஞ்சளில் சிவப்புக் கோடு. நிறுத்தும் ஒயரில் 12 வோல்ட் ஏறினால் சிடிஐ, அதான் ஸ்பார்க் தர்ற மின்பெட்டி, போயிடும். நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக வைக்கும் ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ளேதான் இருக்கு. அதைத் தாண்டி ஒயர் இழுத்தால் கியரிலேயே ஸ்டார்ட் ஆகும், சவாரிக்காரங்க ஏறிக்கிட்டிருக்கும்போது படகு பாயும்.

பூவார்_படகு:
ஸ்டீயரிங் கேபிளையும் மாற்றணுமா?

நீரோடி_மெக்கானிக்:
முதலில் அதன் தண்டு புது எஞ்சின் டில்ட் ட்யூபில் (எஞ்சின் பிடிப்பின் குறுக்கே போகும் குழாய்) தடையில்லாமல் போகுதா, இணைப்புக் கம்பி பொருந்துதா பாருங்க. போனால் மாற்ற வேண்டாம். தண்டை முழுசாக உள்ளே இழுத்துவைத்தபடி கிரீஸ் அடிங்க; வெளியே நீட்டியபடி அடித்தால் கிரீஸ் அடைத்து ஸ்டீயரிங் இறுகும். தண்டில் உப்பு அரித்த குழி தெரிந்தால் அதையும் இதே கையோடு மாற்றிடுங்க.