ஏசியைக் கழற்றணும், ஹீட்டர் மட்டும் இருக்கணும்: 1997 மாருதி ஜென்

வாணியம்பாடி வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 1997 மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. அப்பா புதுசாக வாங்கியது, விற்க மனசில்லை. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் காலை ஆறரைக்குக் கிளம்பி, கூட வேலை செய்யும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

ஏசி செத்து இரண்டு வருடம் ஆகிறது. கேஸ் நிரப்பினால் பதினைந்து நாள் கூட நிற்பதில்லை. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கம்ப்ரஸர் பேரிங்கும் கரகர என்று கத்துகிறது. மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டிப் போகிறது. ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியே விடும் அந்தக் கண்டென்ஸர் சும்மா நின்று காற்றை மறிப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே மொத்த ஏசியையும் எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் ஹீட்டர் எனக்குக் கண்டிப்பாக வேண்டும். வேலூர்ப் பக்கத்து ஆளுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். காவலூர் வானாய்வகம் இருப்பது இதே மலையில்தான், 725 மீட்டர் உயரம். மார்கழி காலையில் அங்கே வந்து பார்த்தால் தெரியும். நான்கு பேர் மூச்சும் சேர்ந்து உள்பக்கக் கண்ணாடியில் பனி மாதிரி படிகிறது. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் துணி போட்டுத் துடைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். எதிரே பால் வண்டி வந்தால் தெரியாது.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "ஏசியும் ஹீட்டரும் ஒரே செட், ஒன்றைக் கழற்றினால் இரண்டும் போயிடும். ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறேன்" என்றார். நம்ப முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ஏசி மெக்கானிக்:

சார், அந்தப் பேச்சை நம்பாதீங்க. இருபது வருடமாகக் கார் ஏசி வேலைதான் செய்கிறேன். ஏசி ஓடுவது கேஸில், ஹீட்டர் ஓடுவது எஞ்சின் தண்ணீரில். ஒன்றுக்கு ஒன்று குழாய்த் தொடர்பே கிடையாது. எஞ்சினில் சூடான கூலண்ட் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதன் மேல் புளோயர் காற்று அடிக்கிறது, அவ்வளவுதான் ஹீட்டர். பேனட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே போகும் ரப்பர் ஹோஸ் இரண்டும் ஹீட்டருடையது, கையே வைக்காதீங்க. உலோகக் குழாய் இரண்டும், ஒன்று தடி ஒன்று ஒல்லி, ஏசியுடையது. எடுக்க வேண்டியது அதைத்தான்.

இரண்டும் சேரும் இடம் காற்றுப் பாதை மட்டும். ஜென்னில் இடது பக்கம் புளோயர், நடுவில் ஹீட்டர் பெட்டி, இரண்டுக்கும் இடையில் கூலிங் காயில் பெட்டி. காயில் பெட்டியைத் தூக்கிவிட்டு அப்படியே விட்டால் புளோயர் காற்று டேஷ்போர்டுக்கு உள்ளேயே சிதறிவிடும், ஹீட்டருக்குப் போகாது. "ஏசியைக் கழற்றினேன், ஹீட்டரும் போச்சு" என்று ஆள் ஆளுக்குச் சொல்வது இதனால்தான். வழி இரண்டு. ஏசி இல்லாத ஜென்னில் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் டக்ட் ஒன்று வரும். காயலான் கடையில் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் காயிலை மட்டும் உருவிவிட்டு, காலிப் பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். குழாய் வந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

முதல் வேலை கேஸை வெளியே எடுப்பது. பதினைந்து நாளில் போகிறதென்றால் இப்போது காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் ஸ்பேனர் வைக்காதீங்க. மிச்சம் இருந்தால் தோலில் பட்ட இடம் உறைந்து வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ரெக்கவரி மிஷின் வைத்திருக்கும் கடையில் உறிஞ்சச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிடுவதும் தப்பு. பழைய ஏசி கேஸான ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும் என்றுதான் 1987-ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு உலகம் முழுக்க நிறுத்தினார்கள். பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆயிரம் கிலோ கரியமில வாயுவுக்கும் மேலே.

கேஸ் போனபிறகு பெல்ட், கம்ப்ரஸர், அதன் பிராக்கெட், கண்டென்ஸர், கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டில், இதையெல்லாம் கழற்றணும். பெல்ட்டை வெட்டும் முன் அது வேறு எதைச் சுற்றுகிறது என்று பாருங்கள். வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டும் பெல்ட் தனியாக இருந்தால் கவலையில்லை.

கார்புரேட்டர் வண்டி என்பதால் இன்னொன்று. ஏசி போட்டதும் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், ஏறுவதற்கு ஒரு வாக்குவம் டியூப் இருக்கும். அதைப் பிடுங்கினால் முனையை மூட வேண்டும். மூடாவிட்டால் காற்று இழுத்து எஞ்சின் வேகம் ஏறி இறங்கி ஓடும், சிக்னலில் நின்றுவிடும்.

எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் ஏசி குழாய் போன ஓட்டையை ரப்பர் கிராமெட் (ஓட்டையை மூடும் ரப்பர் வளையம்) போட்டு அடைத்தே ஆகணும். எஞ்சின் புகை உள்ளே வந்தால் நாலு பேருக்கும் தலை சுற்றும். எலியும் வரும்.

காட்பாடி டிரைவர்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வாத்தியார் சார், ஒரு முறை யோசிங்க. அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மதியம் இறங்கி வருவீர்களா? வண்டியை ஏசியோடு வைத்திருந்தால் நாளைக்குக் காயில் மாற்றலாம். இப்போதைக்கு பெல்ட்டை மட்டும் எடுத்துவிட்டால் கம்ப்ரஸர் சத்தம் நின்றுவிடும், செலவும் இல்லை.

ஓவர்ஹீட்டுக்குக் கண்டென்ஸரைக் குற்றம் சொல்லும் முன்னால் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் அந்த இடுக்கில் தூசியும் பூச்சியும் ஒரு கம்பளி மாதிரி படிந்திருந்தது. அப்புறம் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நம்ம பாலாறு பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் ஹீட்டர் காயிலில்தான் முதலில் உப்புப் படியும்.

வாணியம்பாடி வாத்தியார்:

டிரைவர் அண்ணே, நல்ல யோசனைதான். ஆனால் பள்ளிக்கூடம் மே மாதம் லீவு, மற்ற நாளில் மாலை நாலரைக்கு மேல்தான் இறங்குவோம், கண்ணாடி இறக்கினால் மலைக்காற்று போதும். காயில், கம்ப்ரஸர் இரண்டையும் மாற்ற ஆகும் பணத்தைக் கூலிங் சிஸ்டத்துக்குப் போடலாம் என்று தோன்றுகிறது. ஜென் எஞ்சின் முழுக்க அலுமினியம், ஒரு முறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

போர் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. இத்தனை நாளும் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றினேன்.

வாணியம்பாடி வாத்தியார் (மூன்று வாரம் கழித்து):

வேலை முடிந்தது. வேலூரில் கேஸ் எடுக்கச் சொன்னேன், கொஞ்சம் மிச்சம் இருந்தது. மெக்கானிக் சார் எச்சரித்தது நல்லதாயிற்று. டக்ட் கிடைக்கவில்லை, காயிலை உருவிவிட்டுக் காலிப் பெட்டியை மாட்டினோம். அந்தக் காயிலில் ஒட்டியிருந்த பூஞ்சையைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது, இதன் வழியாக வந்த காற்றைத்தான் பிள்ளைகளும் சுவாசித்தார்கள். கழற்றியதெல்லாம் பழைய இரும்புக்கடைத் தராசில் பதினாறு கிலோ.

ஆனால் முதல் நாள் ஹீட்டர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. தெர்மோஸ்டாட் வால்வையே யாரோ முன்பு கழற்றிப் போட்டிருக்கிறார்கள்! அது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்க வேண்டும். அது இல்லாததால் தண்ணீர் நேராக ரேடியேட்டருக்கே சுற்றியிருக்கிறது, குளிரில் எஞ்சின் சூடாகவே இல்லை. புது வால்வு போட்டு, சிஸ்டத்தை அலசி, கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் ஊற்றினோம். ஊற்றும்போது ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் திருப்பி வைத்தோம், இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும்.

இப்போது வெளிக்காற்று பக்கம் லிவரைத் தள்ளி, சூட்டைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டால், இரண்டாவது வளைவுக்குள் கண்ணாடி சுத்தம். உள்காற்றையே சுற்றவிட்டால் தெளியாது, அதையும் சோதித்துப் பார்த்தேன். முள்ளும் பாதிக்கு மேல் போகவில்லை. போன வாரம் சுமையோடு ஏறும்போது மட்டும் கொஞ்சம் அசைந்தது. ஹீட்டரை முழுசாகத் திறந்து புளோயரைக் கூட்டினேன், இறங்கிவிட்டது.

டேஷ்போர்டில் ஏசி பொத்தானை மட்டும் எடுக்கவில்லை. அப்பா விரல் பட்டுப் பட்டு அந்த எழுத்து அழிந்திருக்கிறது.

ராணிப்பேட்டை ஏசி மெக்கானிக்:

பொத்தான் இருக்கட்டும் சார். கம்ப்ரஸருக்குப் போன வயர் முனையில் டேப் சுற்றினீங்களா? ஏசி ஃபியூஸை எடுத்திருந்தால் புளோயர் எல்லா ஸ்பீடிலும் ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள், சில வண்டியில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

வாணியம்பாடி வாத்தியார்:

டேப் சுற்றிவிட்டேன் சார். ஃபியூஸைத் தொடவில்லை. புளோயர் நாலு ஸ்பீடும் ஓடுகிறது.