நம்ம வீட்டு ஆளுங்க: 50 சென்ட் நஞ்சை, 36 தவணை

செந்தில், காலை 6:41
எல்லாருக்கும் வணக்கம். 50 சென்ட் நஞ்சை ஒண்ணு வந்திருக்கு. வண்டல் மண், கிணத்துல நாலுல ஒரு பங்கு. 12 லட்சம். முன்பணம் 3, மீதி மாசம் 25,000 வீதம் 36 தவணை. வட்டி கிடையாது. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் கேக்குறாங்க. என்ன சொல்றீங்க?

கோமதி அத்தை, 6:44
நல்லா இருப்பா

பெரியப்பா, 6:50
கடப்பாரையை யாரு எடுத்துட்டுப் போனது? போன வாரம் மாட்டுக்கொட்டகையில இருந்துச்சு

ரேவதி அக்கா, 6:58
மொத்தமா குடுத்தா என்ன விலை?

செந்தில், 7:01
10க்குத் தர்றாங்களாம்

ரேவதி அக்கா, 7:09
அப்ப வட்டி உள்ளேயே இருக்கு. 10ல 3 போனா உன் கடன் 7. அதுக்கு 9 கட்டுற. மாசாமாசம் அசல் குறையுற கணக்குல போட்டுப் பார்த்தேன், மாசம் நூத்துக்கு 1.43 வருது. வருஷத்துக்கு 17 சதவீதம். ஒன்றரை வட்டிக்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்

குமார், 7:10
பேங்க்ல நகையை வச்சாலே இதைவிடக் குறைவு

கோமதி அத்தை, 7:10
யார் நகை?

கோமதி அத்தை, 7:11
இந்த வீட்டுல வச்ச நகை திரும்பி வந்ததா சரித்திரம் இல்ல

குமார், 7:12
அத்தை...

பாலு மாமா, 7:26
செந்தில், ஞாயித்துக்கிழமை ஒரு ரூபா குடுக்காதே. முதல்ல அசல் பத்திரத்தைக் கண்ணால பாரு. நகல் செல்லாது. அசல் கையில இல்லைன்னா எங்கேயோ அடமானத்துல தூங்குதுன்னு வச்சுக்கோ. அப்புறம் 30 வருஷத்துக்கு வில்லங்கம் (நிலத்து மேல பதிவான கிரயம், அடமானம் காட்டுற சான்று), பட்டா, சிட்டா (யார் பேர்ல எவ்வளவு நிலம்), அடங்கல் (என்ன பயிர்), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்), அ-பதிவேடு (ஊர் நிலம் ஒவ்வொண்ணும் எந்த வகைன்னு சொல்ற பதிவு). அ-பதிவேட்டைப் பார்க்காம விடாதே. பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கினது), பூமிதானத்துல வந்ததா, கோயில் நிலமான்னு தேட வேண்டிய இடம் அதுதான். கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க்கடன் பாக்கி இல்லைன்னு கடிதமும் கேளு, வில்லங்கத்தை மட்டும் நம்பினா அது தெரியாமப் போகும். கையெழுத்துப் போடுறவர் உரிமையாளரா, அவர் சார்பா விக்கப் பவர் எழுதி வாங்கினவரா? பவர்னா 36 மாசத் தவணைக்குச் சரிவராது. எழுதிக் குடுத்தவர் நடுவுல காலமானா பொதுவா அந்தப் பவரும் அதோட போச்சு. இன்னும் இருக்கு, எழுதுறேன்

குமார், 7:27
மாமா ஆரம்பிச்சுட்டாரு

செந்தில், 7:29
உரிமையாளரேதான் மாமா. அவங்க அப்பா வழிச் சொத்து. 20 ரூபா பத்திரத்துல ஒப்பந்தம் போட்டுக்கலாம்னு சொன்னார்

பாலு மாமா, 7:41
அங்கேதான் மாட்டுவ. தமிழ்நாட்டுல 1.12.2012லேருந்து கிரய (விற்பனை) ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதியணும். பதிஞ்சா வில்லங்கத்துல ஏறும், அவர் இன்னொருத்தருக்கு விக்கப் போனா அங்கேயே தெரிஞ்சிடும். பீரோவுக்குள்ள வச்ச பத்திரம் யார் கண்ணுக்கும் தெரியாது. பதிஞ்சாலும் கிரயம் ஆகிற வரைக்கும் நிலம் அவருதுதான், அதையும் மறந்துடாதே. ஒப்பந்தத்துல கிரயத் தேதி, ஒவ்வொரு தவணைத் தேதி, ஒரு தவணை தவறினா எத்தனை நாள் அவகாசம், அவர் பின்வாங்கினா எத்தனை நாள்ல பணம் திரும்பும், எல்லாம் இருக்கணும். கட்டின பணத்துக்கு நிலமே பொறுப்புன்னு ஒரு வரி. தவணை முழுக்க வங்கி வழியா. நில முன்பணத்தை 20,000 இல்ல அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம், அதைச் சொன்னா அவரே கணக்கு எண் குடுத்துடுவார். குறிச்ச தேதி தாண்டி 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போடலைன்னா கிரயம் கேக்க முடியாது. வழக்குல நீ எப்பவும் பணத்தோட தயாரா இருந்தேன்னு காட்டணும், அதுக்கும் வங்கிக் கணக்குதான் சாட்சி

பாலு மாமா, 7:43
அப்பா வழிச் சொத்துன்னா அவர் கூடப் பிறந்தவங்க, பெண் பிள்ளைங்க உட்பட, எல்லாரும் கையெழுத்துப் போடணும்

ரேவதி அக்கா, 7:44
பெண் பிள்ளைங்களுக்கும் பங்கு உண்டுன்னு மாமாவுக்கு இப்பவாவது ஞாபகம் வந்துச்சே

கோமதி அத்தை, 7:44
ஆமா

பாலு மாமா, 7:46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, 7:47
அதை இங்க பேச வேண்டாம். கடப்பாரை?

செந்தில், 7:52
சிட்டாவுல 0 - 20.00னு போட்டிருக்கு. அது 50 சென்ட்தானே?

ரேவதி அக்கா, 7:54
அது ஹெக்டேர் - ஏர்ஸ் கணக்கு. 20 ஏர்ஸ். ஒரு ஏர் 2.47 சென்ட். 49.42 வருது. 50க்கு 20.23 இருக்கணும். அரை சென்ட் சின்ன விஷயம், ஆனா விலையை சென்ட் கணக்குல பேசு. பத்திரத்துலயும் சிட்டா அளவையே போடு

குமார், 8:03
அளவை விடு. மண்ணைத் தோண்டிப் பார்த்தியா?

செந்தில், 8:03
மேல பார்த்தேன். கருப்பா நல்லா இருக்கு

குமார், 8:15
ஏரி வண்டலை அரையடி கொட்டிப் பரப்பினா எந்த நிலமும் கருப்பாத்தான் தெரியும். ரெண்டு இடத்துல 3 அடிக் குழி எடு. பக்கச்சுவர்ல நிறம் கத்தியால கோடு கிழிச்ச மாதிரி மாறினா கொட்டின மண். அடியில வெள்ளை வெள்ளையா சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) தட்டினா வேர் இறங்காது. ஈர மண்ணை உருட்டி, கட்டைவிரலால நாடா மாதிரி தள்ளு. 2.5 செ.மீ. வர்றதுக்குள்ள ஒடிஞ்சா மணல் சாரி, 5ஐத் தாண்டினா களி, நடுவுல நின்னா பரவாயில்ல. பரிசோதனைக்கு 10, 15 இடத்துல வி வடிவமா 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியோட சுவரைச் சீவி எடு. கலந்து நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டைத் தள்ளு, அரைக்கிலோ நிக்கிற வரைக்கும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி ஓரம் எடுக்காதே. கார அமில நிலை 6.5லேருந்து 7.5 நல்லது, 8.5 தாண்டினா காரம் ஏறின களர் நிலம்னு சந்தேகப்படு. கிணத்துத் தண்ணியும் ஒரு பாட்டில். அது உப்பா இருந்தா நல்ல மண்ணும் கெட்டுப்போகும்

பாலு மாமா, 8:18
கிணறு எந்த சர்வே நம்பர்ல இருக்கு?

செந்தில், 8:20
பக்கத்து நிலத்துல மாமா

பாலு மாமா, 8:24
அப்ப "கிணற்றில் பங்கு உண்டு"ன்னு மொட்டையா எழுதினா ஆகாது. கிணறு இருக்கிற சர்வே நம்பர், நாலுல ஒண்ணு, எந்த நாள் எத்தனை மணி நேர முறை, குழாய் போற வழி, மோட்டார் இணைப்பு எண், வண்டிப்பாதை எத்தனை அடி, எல்லாம் சொத்து விவரத்துல ஏறணும். மத்த மூணு பங்குக்காரங்களையும் பார்த்துப் பேசு

கோமதி அத்தை, 8:30
பொம்பளை பேர்ல பதிஞ்சா செலவு கம்மியாமே

ரேவதி அக்கா, 8:36
பதிவுக் கட்டணம் 2 சதவீதத்துல 1 சதவீதம் குறையும், 1.4.2025லேருந்து. ஆனா மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருக்கணும். முத்திரை 7, பதிவு 2, ஆக 12க்கு 1,08,000. மொத்தமா 10க்கு பெண் பேர்ல முடிச்சா 80,000. அரசு குறிச்ச வழிகாட்டி மதிப்பு இதைவிட ஏறியிருந்தா அதுக்குத்தான் கட்டணும்

செந்தில், 8:37
தவணையிலயே வாங்கி பத்திரத்துல 10னு போட்டுட்டா?

பாலு மாமா, 8:37
வேண்டாம். பணம் திரும்பக் கேக்குற நிலைமை வந்தா அந்த 2 லட்சத்துக்கு ஆதாரமே இல்ல

ரேவதி அக்கா, 8:42
வேற மாதிரி கேளேன். இப்ப 25 சென்ட்டை ரொக்க விலையில, 5 லட்சத்துக்கு முழுக் கிரயம். அளந்து கல் நட்டு, உட்பிரிவு பண்ணித் தனிப் பட்டா. மீதி 25க்கு ஒரு வருஷத்துக்குப் பதிவு ஒப்பந்தம். எங்கிட்ட 2 இருக்கு. எழுதிக் குடுத்தா தர்றேன்

குமார், 8:43
எழுதிக் குடுத்தா!

ரேவதி அக்கா, 8:43
ஆமா. இந்த வீட்டுல வாய்ப்பேச்சு போதும்

பாலு மாமா, 8:45
நல்ல யோசனை. பாதையும் குழாயும் வர்ற பாதியை முதல்ல வாங்கு. உள்பாதியை வாங்கிட்டா அப்புறம் அவர் சொல்றதுதான் விலை

செந்தில், 8:51
அவர் ஒத்துக்குவாரான்னு தெரியல. வேற ஆளும் கேக்குறாங்கன்னு சொன்னார்

கோமதி அத்தை, 8:51
எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க

செந்தில், 8:55
சரி, ஞாயித்துக்கிழமை பத்திரம் மட்டும் பார்க்கிறேன். குமார், சனிக்கிழமை குழி தோண்ட வர்றியா?

குமார், 8:56
வர்றேன். அடியில இறுகிக் கிடக்கும், மண்வெட்டி ஏறாது. கடப்பாரை வேணும்

பெரியப்பா, 8:56
காலையிலேருந்து நான் என்ன கேக்குறேன்?